போன வருஷத்துப் பூமி என்ன ஆச்சு?

அன்புள்ள சார்,

விருதுநகர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். சென்னை வானாய்வகத்தைப் பற்றி நீங்கள் எழுதியபோது, வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் இருக்கிறது என்று 1855-லேயே அங்கிருந்து ஒருவர் எழுதினார், அது நிற்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை வகுப்பில் சொன்னேன். அன்றைக்கு மீதிப் பாடம் நடக்கவில்லை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். "இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு" என்று அடிக்கடி ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பிராக்சிமா என்கிறான் ஒருத்தன், டிராப்பிஸ்ட் என்கிறாள் இன்னொருத்தி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "போன வருஷம் கண்டுபிடிச்ச பூமி என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் சொன்னால், "பணம் வாங்குறதுக்காக விஞ்ஞானிகள் கிளப்பிவிடுறது" என்று என் கணவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அப்படித்தானா சார்? பக்கத்து நட்சத்திரங்களில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? அங்கே போக முடியுமா என்றும் கேட்கிறார்கள்.

எஸ்.,
விருதுநகர் மாவட்டம்

*

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இன்று கையிலிருக்கும் எதை வைத்தும் போக முடியாது. மனிதன் அனுப்பியவற்றில் மிகத் தூரம் போயிருப்பது வாயேஜர் 1. அதன் வேகம் நொடிக்கு 17 கிலோமீட்டர். நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரிக்கு அந்த வேகத்தில் போனால் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். இதைக் கரும்பலகையில் கணக்காகவே போடலாம். தூரம் 4.24 ஒளியாண்டு, ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சுழியங்களை எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தப் பையனின் கேள்வி அபாரம். அதைச் செய்தி ஆசிரியர்கள் கேட்பதில்லை. கண்டுபிடித்தது முதல் பக்கத்தில் வரும், அது இல்லை என்று ஆனது எந்தப் பக்கத்திலும் வராது. துறைக்குள் இருப்பவர்களுக்கோ அது பிழைப்பு. ஒருவர் கோள் என்று சொன்னால், அது கோள்தானா என்று குடைவதற்கு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தை அவர் அளந்துவந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகும், நம்மிடமிருந்து சுமார் 17 ஒளியாண்டுத் தூரம். கணக்கு சொல்லும் இடத்தில் நட்சத்திரம் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதாக இருக்கலாம் என்று 1855-ல் லண்டனின் ராயல் வானியல் கழக இதழில் எழுதினார். அடித்துச் சொல்லவில்லை, பெரிதும் வாய்ப்பிருக்கிறது என்ற அளவில்தான் சொன்னார். 1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்ற வானியலாளர் அதே நட்சத்திரத்துக்கு மறுபடி ஒரு துணையைச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பாதை நிலைக்காது என்று மோல்டன் என்ற இன்னொரு வானியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதோடு சரி.

பர்னார்டு நட்சத்திரத்தின் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பிராக்சிமாவும் சேர்ந்த ஆல்ஃபா சென்டாரி குடும்பத்தை விட்டால் நமக்கு அடுத்த வீடு இதுதான், 6 ஒளியாண்டு. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஸ்பிரவுல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் இதைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துக்கொண்டே இருந்தார். கோள் இருந்தால் நட்சத்திரம் இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் தகட்டில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒருவர் கண் ஏமாற்றலாம் என்பதால் பத்துப் பேர் வரை உட்கார்ந்து அளந்து சராசரி எடுத்தார்கள். 1963-ல் அறிவித்தார்: வியாழனைவிடப் பெரிய கோள், 24 ஆண்டுக்கு ஒரு சுற்று. உலகம் நம்பியது.

பத்து ஆண்டு கழித்து கேட்வுட், ஐக்ஹார்ன் என்ற இருவர் வேறு வானாய்வகங்களின் தகடுகளை எடுத்து அளந்தார்கள். ஆட்டமே இல்லை. அதே சமயத்தில் ஸ்பிரவுலிலேயே வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி வேறு நட்சத்திரங்களின் தகடுகளைப் பார்த்தார். அவையும் அதே மாதிரி ஆடின! தொலைநோக்கியின் லென்ஸைச் சரிசெய்த நேரங்களோடு அந்த ஆட்டம் ஒத்துப்போயிற்று. ஆடியது தொலைநோக்கி.

வான் டி காம்ப் 1995-ல் இறக்கும்வரை இதை ஏற்கவில்லை. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண் ஏமாற்றும் என்று சந்தேகப்பட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்த மனிதர் அவர். லென்ஸைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, அவ்வளவுதான். 2018-ல் அதே நட்சத்திரத்துக்கு 233 நாளில் சுற்றும் கோள் ஒன்று என்றார்கள், 2021-ல் அதுவும் போயிற்று. இனி அங்கே ஒன்றும் இல்லை போல என்று நினைத்திருந்தபோது, 2024 அக்டோபரில் சிலியிலிருந்து ஒரு குட்டிக் கோளை அறிவித்தார்கள். 2025-ல் ஹவாயிலிருந்து பார்த்த இன்னொரு குழு, மொத்தம் நான்கு என்று உறுதிசெய்தது. நான்குமே பூமியைவிடச் சிறியவை. நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு, ஏழு நாளுக்குள் சுற்றி முடித்துவிடுகின்றன. எல்லாமே உயிருக்கு ஒத்துவராத அளவு சூடு.

இப்போது, பொய்யாகாமல் இன்னும் நிற்கும் 'பூமி'க்கு வருகிறேன். பிராக்சிமா சென்டாரியை 1915-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல். சிவப்புக் குள்ளன் என்ற வகை. நம் பால்வீதியில் நாலில் மூன்று நட்சத்திரங்கள் இந்த ரகம்தான், ஆனால் ஒன்றைக்கூட நாம் வெறுங்கண்ணால் பார்த்ததில்லை.

அதன் கோளை யாரும் பார்க்கவில்லை. இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். இணையத்தில் வரும் பாறையும் கடலும் சிவப்பு வானமும் ஓவியர் வரைந்தவை. பார்த்ததெல்லாம் நட்சத்திரத்தின் ஒளியை மட்டுமே. சின்னக் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றினால், சுற்றுகிற பெரியவரும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, பின்னால் சாய்ந்து தானும் ஒரு சிறு வட்டம் போடுவார். குழந்தை இருட்டில் இருந்தாலும் பெரியவர் அசைவதைப் பார்த்து, கையில் குழந்தை இருக்கிறது, இன்ன எடை இருக்கும் என்று சொல்லிவிடலாம். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் ஒளி துளி நீலத்துக்கு நகரும், விலகும்போது துளி சிவப்புக்கு நகரும். பத்தாம் வகுப்புக்கு டாப்ளர் விளைவு என்றே சொல்லலாம். பிராக்சிமாவின் விஷயத்தில் அந்த வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர். நீங்கள் பள்ளிக்கு நடந்து போகிற வேகம். 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் நடை வேகத்தில் முன்னும் பின்னும் போவதை, சிலியின் லா சியா மலைமேல் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் ஹார்ப்ஸ் என்ற கருவியைப் பூட்டி அளந்தார்கள். 2016 ஆகஸ்டில் கியெம் ஆங்லாடா-எஸ்குடேயின் குழு அறிவித்தது. 2020-ல் எஸ்பிரெசோ என்ற புதுக் கருவி தனியாக அளந்து, ஆமாம், இருக்கிறது என்றது. பத்து வருஷமாக எத்தனையோ பேர் குடைந்தும் நிற்கிறது.

சரி, அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 11.2 நாளுக்கு ஒரு சுற்று. நட்சத்திரத்திலிருந்து 70 லட்சம் கிலோமீட்டர். எடை குறைந்தபட்சம் பூமியளவு. பூமிக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதற்குக் கிடைக்கிறது. அவ்வளவுதான். அதன் குறுக்களவு தெரியாது. காற்று, தண்ணீர் எதுவும் தெரியாது. "வாழத் தகுந்த மண்டலம்" என்று போடுகிறார்களே, தண்ணீர் உறையாமலும் கொதித்துப் போகாமலும் நிற்க வாய்ப்புள்ள தூரம் என்பதுதான் அதன் பொருள். அதுவும் சரியான காற்று மண்டலம் இருந்தால். வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பூமியளவு, ஏறக்குறைய பூமியளவு எடை. வேறொரு நட்சத்திரத்திலிருந்து பார்க்கும் பத்திரிகைக்காரர் அதைத்தான் இரண்டாவது பூமி என்று போடுவார். தரையில் 460 டிகிரி.

பிராக்சிமாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நட்சத்திரம் சாதுவாக இல்லை. 2016 மார்ச்சில், இந்தக் கோளுக்காகவே அதைக் கண்காணித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், அதன் மேற்பரப்பில் ஒரு பெரிய சுடர் வெடித்தது. சில நிமிடங்களுக்கு வழக்கத்தைவிட 68 மடங்கு ஒளிர்ந்தது. இருண்ட இடத்தில் நின்றிருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். கோளோ நம் பூமியைவிட இருபது மடங்கு நெருக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி அடி திரும்பத் திரும்ப விழுந்தால் காற்று மிஞ்சுமா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைப் பற்றியும் இதே கவலைதான். 40 ஒளியாண்டில் ஏழு பாறைக் கோள்கள் என்று 2017-ல் அறிவித்தபோது எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தவரை, முதல் கோளில் காற்று இருப்பதற்கான தடயமே இல்லை, இரண்டாவதில் கனத்த காற்று இல்லை. நாலாவதான 'இ'யைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் நட்சத்திரத்தின் மேலுள்ள புள்ளிகள் அளவைக் குழப்புகின்றன.

அப்புறம், உங்கள் கணவர் சொன்னது. பாதி நியாயம். நிறுவனங்களின் பத்திரிகைக் குறிப்புகள் கொஞ்சம் ஊதித்தான் வருகின்றன. 2010-ல் கிளீஸ் 581 நட்சத்திரத்துக்கு 'ஜி' என்ற கோளை அறிவித்த ஸ்டீவன் வோக்ட், அங்கே உயிர் இருக்க நூறு சதவீதம் வாய்ப்பு என்று தன் சொந்தக் கருத்தாகச் சொன்னார். அந்தக் கோளே இல்லை, அது நட்சத்திரத்தின் சொந்தச் சேட்டை என்று 2014-ல் ஆனது. ஆனால் பணத்துக்காகக் கிளப்புவது மட்டும்தான் என்றால், இன்னொருவரின் கோளைக் காலி செய்வதில் யாருக்கு என்ன லாபம்? 2012-ல் ஆல்ஃபா சென்டாரி 'பி' நட்சத்திரத்துக்கு ஒரு கோளை அறிவித்தார்கள். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த வினேஷ் ராஜ்பாலும் உடனிருந்தவர்களும் அதே அளவுகளை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். எந்தெந்த நாளில் பார்த்தோம் என்ற இடைவெளிகளிலிருந்தே அந்தத் துடிப்பு முளைத்திருந்தது. அளவுகளைப் பொதுவில் வைத்திருந்ததால்தான் ஒரு மாணவரால் அதைச் சோதிக்க முடிந்தது. இதை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

பிள்ளைகளுக்கு வானத்தில் காட்டவும் ஒன்று இருக்கிறது. ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே அடிவானம் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து, நீட்டிய கையின் இரண்டு முஷ்டி உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இடதுபக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டது 1689-ல் புதுச்சேரியில் இருந்த ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார். வால்மீன் பார்க்கப் போய் இதைப் பார்த்தார்.

அந்த இரண்டில் பெரியதன் பக்கத்தில் 2024 ஆகஸ்டில் வெப் தொலைநோக்கிக்கு ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. சனிக்கோள் அளவு எடையுள்ள வாயுக் கோளாக இருக்கலாம் என்றும், வாழத் தகுந்த தூரத்தில் இருக்கலாம் என்றும் 2025-ல் எழுதினார்கள். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் திரும்பப் பார்த்தபோது புள்ளியைக் காணோம். சுற்றிப் போகையில் நட்சத்திரத்தின் பிரகாசத்துக்குள் போயிருக்கலாம் என்கிறார்கள், அது நடக்கக்கூடியதுதான். வாயுக் கோள் என்றால் நிற்கத் தரை கிடையாது, அதற்கு நிலவு இருந்தால் உண்டு. அந்த நிலவில் குடியேறுவது பற்றி யூடியூபில் இந்நேரம் காணொளி வந்திருக்கும். கோளே இன்னும் உறுதியாகவில்லை.

அன்புடன்