பட்டறைப் பதில்கள்: மலிவுச் சவரக்கத்தி கன்னத்தில் ஏறுமா?

கேள்வி: ஆன்லைனில் 450 ரூபாய்க்கு ஒரு மடக்குச் சவரக்கத்தி வாங்கினேன். வந்த அன்று அதில் தக்காளி கூட நறுக்க முடியவில்லை. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். இப்போது காகிதம் அறுக்கிறது, கை முடியும் கொஞ்சம் போகிறது. ஆனால் கன்னத்தில் வைத்தால் பிடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. கோளாறு கத்தியிலா, என் கையிலா? இதைச் சவரத்துக்குத் தேற்ற முடியுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதல் வேலை, அந்தக் கத்தியை இனிமேல் சாணைக்காரர் கண்ணில் காட்டாமல் இருப்பது. அவரைக் குறை சொல்லவில்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவரை விட்டால் நமக்கு ஆளில்லை. ஆனால் சவரக்கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், அத்தனை மெல்லிசு. சுழலும் கல்லில் பட்டதும் பிறக்கிற சூட்டுக்கு ஓட இடமில்லாமல் அப்படியே வாயில் தங்கிவிடும். 200 டிகிரியைத் தாண்டியதும் இரும்பில் வைக்கோல் நிறம் தட்டும், 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு ஒசத்திக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் மாறியது ஓரத்தில் நூலிழை அளவுக்குத்தான் என்றால், அதைத் தேய்த்துக் கழித்துவிட்டு உள்ளே இருக்கும் நல்ல இரும்புக்குப் போகலாம். அதற்கு மேல் ஏறியிருந்தால் தபால் உறை கிழிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அது கத்திதானா என்று பார்க்க வேண்டும். மலிவு விலையில் வருவதில் பாதி, கத்தி வடிவத்தில் வெட்டிய தகடு. 'காந்தம் ஒட்டுகிறதே, நல்ல இரும்புதானே?' என்று கேட்காதீர்கள். மட்டமான கத்தி ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டும். அரம்தான் உண்மையைச் சொல்லும். பழைய சிறு அரம் ஒன்றை எடுத்து, கத்தி முதுகின் நுனிப் பக்கத்தில் மெல்ல ஒரு இழுப்பு இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் (இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) சரியாக ஏறியிருக்கிறது. கடித்து இழுத்தால் இரும்பு மெத்து. நல்ல சவரக்கத்திகள், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60க்குப் பக்கத்தில் நிற்கும். அரம் அதைவிடக் கொஞ்சம் கடினம், ஆனாலும் 60ஐச் சட்டென்று கடிக்காது. இந்தச் சோதனையைக் கத்தி வாலில் செய்ய வேண்டாம், பல கத்திகளில் வால் பகுதிக்குத் தோய்ச்சலே கிடையாது. ஸ்டெயின்லெஸ் எல்லாமே மட்டம் என்றும் நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ஸோலிங்கனில் அருமையான ஸ்டெயின்லெஸ் சவரக்கத்திகள் செய்திருக்கிறார்கள், ஆனால் 450 ரூபாய்க்கு அல்ல.

இரும்பு தேறிவிட்டதா? சரி, இனி கோணம். கோவையில் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான், வெர்னியர் இல்லாமல் எந்தச் சங்கதியும் பேச வராது. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுக்க வேண்டும். கோணத்தை நம் கை முடிவு செய்வதில்லை, முதுகின் தடிமன் முடிவு செய்கிறது. தீட்டத் தீட்ட முதுகும் வாயோடு கூடவே தேயும், அதனால் காலத்துக்கும் கோணம் பெரிதாக மாறாது. இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, கும்பிட வேண்டிய ஆள். முதுகின் தடிமனை, முதுகிலிருந்து வாய் வரையுள்ள அகலத்தால் வகுத்து 57ஆல் பெருக்குங்கள். 5 மில்லிமீட்டர் தடிமன், 17 மில்லிமீட்டர் அகலம் என்றால் கிட்டத்தட்ட 17 டிகிரி வரும். அது அருமையான கோணம். 6 மில்லிமீட்டரும் 16 மில்லிமீட்டருமாக இருந்தால் 21ஐத் தாண்டும். அது மரம் சீவலாம், தாடி சீவாது, பிடுங்கும். உங்கள் கத்தியில் 20க்கு மேல் வந்தால், இரண்டு பக்கமும் சமமாக முதுகைத் தேய்த்துக் குறைத்த பிறகுதான் மற்றதெல்லாம். முதுகு தேயாமல் இருக்க எலெக்ட்ரிகல் டேப் ஒட்டச் சொல்வார்கள். ஒரு சுற்று டேப் ஒட்டினால் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். விலையுயர்ந்த கத்திக்கு ஒட்டுங்கள். இதற்கு வேண்டாம், இதில் முதுகு தேய்ந்தால் நமக்கு லாபம்.

இப்போது மார்க்கர் பேனாவால் வாயின் இரண்டு பக்கமும் பூசிவிட்டு, கத்தியைக் கல்லில் படுக்க வைத்து ஒரே ஒரு இழுப்பு. மலிவுக் கத்தியின் வண்டவாளம் இங்கேதான் வெளியே வரும். பிடியை ஒட்டிய தடித்த பாகம் கல்லில் ஏறி நின்று வாயைத் தூக்கிவிடும். அங்கே மை அப்படியே இருக்கும், நுனியில் மட்டும் அழிந்திருக்கும். இல்லை என்றால் கத்தியே வளைந்திருக்கும்: ஒரு பக்கம் நடுவில் அழியும், மறுபக்கம் இரண்டு ஓரத்திலும் அழியும். தடித்த பாகம் இடித்தால் அதைக் கரடுமுரடான கல்லில் தேய்த்து ஒதுக்கலாம், பொறுமை இருந்தால் போதும். வளைவு லேசாக இருந்தால் கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, பிடியிலிருந்து நுனி வரை ஓட்டமாக இழுத்தால் எல்லா இடமும் கல்லைத் தொடும். வளைவு அதிகம் என்றால் விட்டுவிடுங்கள்.

கல்லுக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரட்டைக் கார்போரண்டம் கல் இந்த வேலைக்கு ரொம்ப முரடு. (அம்மியில் தீட்டிப் பார்த்தேன் என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அம்மி பாவம்.) 1000 நம்பர் ஜப்பான் தண்ணீர்க் கல் ஒன்று வேண்டும். அது வாங்க மனமில்லை என்றால், தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 2000 நம்பர் வாட்டர் பேப்பர். கல்லுக்கு 1000, பேப்பருக்கு 2000 என்று எழுதியது பிழையல்ல, நம்பர் முறை வேறு வேறு. பேப்பரின் 2000மும் ஜப்பான் கல்லின் 1000மும் ஏறக்குறைய ஒரே பொடி, பத்துப் பன்னிரண்டு மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வாய் முன்னே போக, முதுகு பின்னே வர, அழுத்தாமல் இழுங்கள். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள், வாய்மேல் அல்ல.

இந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு பக்கத்துச் சரிவும் வாயின் முழு நீளத்துக்கும் ஒரே கோட்டில் சந்திக்கும்வரை 1000ஐ விட்டு நகரக் கூடாது. புதுக் கத்திக்கு இதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். சந்தித்ததா என்று எப்படித் தெரியும்? மேசை விளக்குக்குக் கீழே வாயை நேராக மேல்நோக்கிப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஒரு புள்ளி மின்னினால், அந்த இடத்தில் வாய் இன்னும் மொட்டை. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, அங்கே கோடே தெரியாது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் கை முடி. 1000இலேயே கத்தி முன்கை முடியைத் தோலை ஒட்டி, பிடியிலிருந்து நுனி வரை எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும். 'கொஞ்சம் போகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வியாதி அதுதான். இங்கே தேறாத கத்தியை 8000 நம்பர் நைஸ் கல்லில் ஏற்றினால் மொட்டை வாய்க்குப் பாலிஷ் போட்டதாகும். உங்கள் காசு, உங்கள் இஷ்டம்.

அது முடிந்தால் மீதி சுலபம். 5, 3, 1 மைக்ரான் பொடி பூசிய லேப்பிங் ஃபிலிம் தாள்களைக் கண்ணாடியில் தண்ணீர் விட்டு ஒட்டி, வரிசையாக ஒவ்வொன்றிலும் கத்தியின் எடையை மட்டும் விட்டு இழுங்கள். கடைசியில் பிசிறு எடுக்க, தோலில் குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைத் தடவி ஒரு பத்து இழுப்பு. பஃபிங் பட்டறையில் கிடைக்கும் பச்சைக் கட்டியில் வேறு முரட்டுப் பொடியும் கலந்திருக்கும், சுத்தமான பொடியாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு வெறும் தோல் வாரில் நாற்பது, ஐம்பது முறை. தோலில் முதுகுதான் முன்னே போக வேண்டும். வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்தால் செய்த கூரெல்லாம் உருண்டுவிடும்.

இனி உங்கள் கை. வெந்நீரில் தாடியை இரண்டு மூன்று நிமிடம் ஊற வையுங்கள், நனைந்த முடியை வெட்ட விசை நன்றாகவே குறையும். தோலை இழுத்துப் பிடித்து, 30 டிகிரிச் சாய்வில், முடி வளரும் திசையில் மட்டும் போங்கள். முதல் நாள் கன்னம் போதும். மோவாய்க்கு அவசரமில்லை.

கேள்வி: முடி மெத்து, கத்தி இரும்பு. பிறகு எப்படி முடியை வெட்டியே கத்தி மழுங்குகிறது?
(வாசகி, காரைக்குடி)

பதில்: இதே கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே சவரம் செய்து பார்த்தார்கள். 2020இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. முடியைவிட பிளேடு சுமார் ஐம்பது மடங்கு கடினம். ஆனாலும் வாய் தேய்வதில்லை, சில்லுச் சில்லாக உடைகிறது. இரும்பின் உள்கட்டு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. முடி சாய்ந்து வளைந்து வாயின்மேல் படும்போது, கடினமும் மெத்தும் சேருகிற பலவீனமான இடத்தில் விசை குவிந்து சில்லு பெயர்கிறது. மேலே திண்டுக்கல் வாசகருக்கும் இதில் சேதி உண்டு: கண்டபடி தோய்ச்சல் போட்ட மலிவு இரும்பில் இந்த மாதிரிப் பலவீனமான இடங்கள் அதிகம். அடிக்கடி வாருக்குப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவும் நானும் ஒரே சவரக்கத்தியைப் பயன்படுத்தலாமா? வாரில் தேய்த்தால் சுத்தமாகிவிடும்தானே?
(வாசகர், சிவகாசி)

பதில்: கூடாது. வாரில் கூர் வரும், கிருமி போகாது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் கூடத் தாக்குப்பிடிக்கும். கிருமி ஒட்டிய வாரில் அடுத்த கத்தியைத் தேய்த்தால் அதற்கும் ஒட்டும். சலூன்களில் பழைய கத்தியும் வாரும் போய், பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகுகிற கத்தி வந்ததே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பயத்தில்தான். உங்களுக்கு ஒரு கத்தி, அப்பாவுக்கு ஒரு கத்தி, வாரும் தனித்தனி. பணம் கட்டுப்படவில்லை என்றால் நீங்கள் சலூன்காரர் மாதிரி அரை பிளேடு செருகும் கத்திக்கு மாறிவிடுங்கள், தீட்டுகிற வேலையும் மிச்சம்.