காணி கணவர் பெயரில், கேட்பதோ மரணச் சான்றிதழ்

கேள்வி: முல்லைத்தீவில் இருக்கிறேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கண்முன்னே என் கணவர் இராணுவத்திடம் சரணடைந்தார். இன்றுவரை தகவல் இல்லை. நாங்கள் குடியிருக்கும் அரச காணியின் அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். எடுக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: காணியைக் கையில் வைத்திருக்க வழி உண்டு, அம்மா. பெயர் மாற்றத்துக்கு இப்போதைக்கு இல்லை.

போரில் காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு, அவர் இறந்துவிட்டதாக நம்புவதாக நீங்களே சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். "ஒரு கையெழுத்துத்தானே, வையுங்கோ" என்பார்கள். அவசரப்பட்டு வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்துவைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போட்டால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் குடும்பங்கள் வழக்காடியிருக்கின்றன. நீங்களோ நேரில் கண்ட சாட்சி.

2016இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, காணப்படாமைச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். பதிவாளர் நாயகம் தருவது. உங்கள் கணவர் காணாமற்போனவர் என்று மட்டுமே அது சொல்லும், இறந்தார் என்று சொல்லாது. அதை வைத்து நலத்திட்டக் கொடுப்பனவு கேட்கலாம், அரச அலுவலகங்களில் அவர் சார்பில் பேசலாம், நீதிமன்றக் கட்டளை பெற்று அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். விண்ணப்பத்துக்கு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் அறிக்கை உதவும். அந்த அலுவலகத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாதிருக்கலாம்; காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டு 2017இலிருந்து கிளிநொச்சி வீதியோரம் போராட்டம் இருந்த தாய்மாருக்கும் இல்லை. அங்கே முறைப்பாட்டைப் பதிந்துவிட்டுப் போராட்டத்துக்கும் போகலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

அனுமதிப்பத்திரம்தான் சிக்கல். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மனைவிக்கு உரிமை வருவது கணவர் இறந்த பிறகே. அதனால் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். இப்போது தெரிய வேண்டியது, அவர் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யாரையாவது பதிந்தாரா என்பது. பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நீங்கள்தான் காணியில் குடியிருக்கிறீர்கள் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், அன்றைக்குக் கண்டதை, யார் யார் அருகில் நின்றார்கள் என்பதோடு, இப்போதே எழுதித் திகதியிட்டு வையுங்கள்.