ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ஆசிரியர் வேலையை விட்டுவிடலாமா?

இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். ஏற்காடு மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் சேலம் பஸ்ஸில் கீழே இறங்கும்போது எங்கள் ஆசிரியர்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

நீங்கள் கெட்ட ஆசிரியர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' என்பதை வேலையால் வரும் நிலை என்று வரையறுத்தது. ஆளை உறிஞ்சும் சோர்வு, வேலை மேலேயே ஒரு வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இவை மூன்றும் அதன் அடையாளம். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது அந்த இரண்டாவதில் சேரும்.

எங்களைச் சோர வைப்பது பிள்ளைகள் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தலைக்கணக்கில் அது சரி, ஆனால் வகுப்பு ஐந்து இருக்கிறதே! ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிற அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்பு பின்னக் கணக்கோடு காத்திருக்கும். கூட இருக்கும் டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மட்டும் விலக்கு. பள்ளிக்குள்ளேயே குவியும் பதிவேடு, செயலி வேலைகளைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மலையில் டவர் கிடைக்கிற மூலை தேடிப்போய் வருகைப்பதிவை ஏற்றிவிட்டு வருவதற்குள் வகுப்பு கலைந்திருக்கும். கோபம் அங்கிருந்து வருகிறது, பாவம், பிள்ளைகள் மேல் இறங்குகிறது.

நாங்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு நாள் பதிவு வேலை முழுவதையும் ஒருவர் பார்ப்பார், மற்றவர் அன்று போனையே தொடமாட்டார், மறுநாள் மாற்றிக்கொள்வோம். வேலை குறையவில்லைதான். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுதாகப் பாடம் நடத்த முடிகிறது. உங்கள் பள்ளியிலும் ஒரு சக ஆசிரியரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் போதாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஓய்வு சொன்னால் தயங்காமல் மருத்துவ விடுப்பு எடுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு முடிவு செய்யலாம்.