வாசகர் கேள்வி பதில்: சின்னப் பெட்டியில் கிராஃபிக்ஸ் கார்டு தெரியவில்லையா?

கேள்வி: திண்டுக்கல்லில் திருமண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். அலுவலகங்களில் கழித்த பின் புதுப்பித்து விற்கப்படும் சிறிய டெஸ்க்டாப் கணினி ஒன்றை அண்மையில் வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 240 வாட் பவர் சப்ளை கொண்டது. அதில் உயரம் குறைந்த ஜிடி 1030 கார்டைப் பொருத்தினேன். என் மானிட்டர் பழைய விஜிஏ வகை என்பதால், அதை மதர்போர்டின் விஜிஏ போர்ட்டிலேயே இணைத்திருக்கிறேன். கார்டின் ஃபேன் சுழல்கிறது. ஆனால் கணினியிலுள்ள பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், ப்ராசஸரிலேயே உள்ள இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டுமே காட்டுகிறது. பழுதுபார்ப்பவர் பவர் சப்ளை போதாது என்றும், 450 வாட்டுக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஜிடி 1030 முழு வேகத்தில் இயங்கும்போதும் அதற்கு ஏறத்தாழ 30 வாட்தான் தேவை. தனி மின்கம்பி எதுவும் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள 240 வாட் பவர் சப்ளைக்கு இது ஒரு பாரமே அல்ல. மேலும், மின்சாரம் போதாத கணினியில் கார்டு முதலில் ஒழுங்காகத் தெரியும். கனமான வேலை கொடுக்கும்போதுதான் திரை அணைவதும் கணினி தானாக நின்று மீண்டும் தொடங்குவதும் நேரும். தொடக்கத்தில் கார்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால், "தெரியவில்லை" என்ற புகாருக்கு வாட் கணக்கைக் காரணம் சொல்வது அநேகமாகப் பொருந்துவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய சிறிய பெட்டிகளில் பவர் சப்ளையின் வடிவமும் பல மாடல்களில் மதர்போர்டுக்குச் செல்லும் கனெக்டரும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் 450 வாட் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை உள்ளே அடங்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. பெரும்பாலான அலுவலகக் கணினிகளில், தனிக் கார்டு ஒன்று இருப்பதை பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) கண்டுகொண்டால் மதர்போர்டின் சொந்த வீடியோ வெளியீட்டைத் தானாகவே நிறுத்திவிட்டுப் படத்தைக் கார்டுக்கு மாற்றிவிடும். உங்களுக்கோ மதர்போர்டின் விஜிஏ போர்ட்டில் இன்னும் படம் வருகிறது. விண்டோஸும் கார்டைக் காட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், டிரைவர் (கார்டை விண்டோஸுடன் இயங்கவைக்கும் மென்பொருள்) என்ற கட்டத்துக்கு முன்பே, அதாவது பயாஸின் பார்வைக்கே கார்டு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். டிரைவர் மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பெயரிலோ மஞ்சள் முக்கோணக் குறியுடனோ ஏதாவது ஒரு பதிவு தென்பட்டிருக்கும். ஆகவே விண்டோஸை மீண்டும் நிறுவும் யோசனை இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். ஃபேன் சுழல்வதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். 12 வோல்ட் மின்சாரம் கார்டை அடைகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தரவு செல்லும் தடங்கள் இணைந்துள்ளனவா என்பதைக் காட்டாது.

முதல் வேலையாக, நண்பர் ஒருவரின் கணினியில் கார்டைப் பொருத்திப் பாருங்கள். அங்கும் தெரியவில்லை என்றால் கார்டே பழுது. மேலே தேட வேண்டியதில்லை. அங்கே தெரிந்தால் மீண்டும் உங்கள் பெட்டிக்கு வாருங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே எதையும் தொட வேண்டும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பின்பக்கத் தகடு. சிறிய பெட்டிகளில் என் சந்தேகம் எப்போதும் முதலில் இங்கேதான் செல்லும். உயரம் குறைந்த கார்டுகளுடன் நெட்டை, குட்டை என இரண்டு தகடுகளைக் கொடுப்பது வழக்கம். குட்டைத் தகட்டை மாற்றிப் பூட்டும்போது அது சற்றே சாய்ந்து நின்றாலும், கேபினட்டின் பிடியை மூடும்போது தகடு கீழே அழுந்திக் கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து மயிரிழை அளவு மேலெழும்பிவிடும். கண்ணுக்கு நேராகத் தெரிவதால் எவரும் சந்தேகிப்பதில்லை. தகட்டையே கழற்றிவிட்டு, கார்டை மட்டும் இரு முனைகளிலும் சமமாக அழுத்திச் செருகி, ஸ்லாட்டின் முனையிலுள்ள பூட்டு விழுந்ததை உறுதி செய்துகொண்டு கணினியை இயக்கிப் பாருங்கள். கார்டு தெரிந்துவிட்டால் தகட்டைத்தான் சீர்செய்ய வேண்டும். கார்டின் தங்க நிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைக்கலாம். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அதன் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அதிலும் பயனில்லை என்றால் ஸ்லாட்டை மாற்றுங்கள். உங்களுடையது போன்ற பல பெட்டிகளில் எக்ஸ்16 நீளமுள்ள, அதாவது 16 தடங்களுக்கு இடமுள்ள ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கும். ஒன்று ப்ராசஸருடன் நேரடியாக இணைந்தது. மற்றொன்று பார்வைக்கு அதே நீளம் கொண்டிருந்தாலும், மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட் வழியாக 4 தடங்கள் மட்டுமே கொண்டது. ஜிடி 1030 எப்படியும் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால் இரண்டாவது ஸ்லாட்டிலும் உங்கள் வேலை நடக்கும். நான்காம் தலைமுறைக் கணினிகளில் சிப்செட்டின் தடங்கள் பழைய பிசிஐஇ 2.0 வேகத்தில் இயங்குபவை என்றாலும் ஆல்பம் வேலையில் அந்த வேறுபாட்டை உணர மாட்டீர்கள். கார்டு இரண்டாவது ஸ்லாட்டில் தெரிந்து முதலாவதில் தெரியவில்லை என்றால், பழுது ப்ராசஸர் சாக்கெட்டில் இருக்க வாய்ப்புண்டு. புதுப்பித்து விற்கும் கணினிகளில் ப்ராசஸரைக் கழற்றி மாற்றுவது சாதாரணம். இன்டெல்லின் இந்தத் தலைமுறையில் ஊசிமுனைகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு வளைந்திருந்தால் கணினி மற்ற எல்லா வகையிலும் ஒழுங்காக இயங்கிக்கொண்டே அந்த ஒரு ஸ்லாட்டை மட்டும் இழந்திருக்கும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஊசியை நிமிர்த்தும் வேலையில் நீங்களே இறங்க வேண்டாம்.

இரண்டு ஸ்லாட்டிலும் தெரியாவிட்டால் மட்டும் பயாஸுக்குள் செல்லுங்கள். முந்தைய அலுவலகத்தின் நிர்வாகி ஸ்லாட்டையோ தனிக் கார்டையோ முடக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள். சிஆர்2032 பேட்டரி பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைசியாக, உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்து பயாஸைப் புதுப்பிக்கலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம்.

கார்டு தெரியத் தொடங்கிய பின் உங்களுக்கு இன்னொரு தடை வரும். ஜிடி 1030-இல் விஜிஏ வெளியீடு இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கம்பியாக விற்கப்படும் கேபிள் வேலை செய்யாது.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை இணையத்தில் மிகவும் மலிவாக வாங்கினேன். டிவைஸ் மேனேஜரில் பெயர் சரியாகவே வருகிறது. ஆனால் டிரைவரை நிறுவியதும் பிழை எண் 43 என்று காட்டிப் படுத்துவிடுகிறது. கார்டில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கின்றன. என் சிறிய பெட்டி இதை ஏற்கவில்லையா?

பதில்: பெட்டியின் மேல் குற்றமில்லை என்றே நினைக்கிறேன். 1050 டிஐ வெளிவந்தது 2016-இல். அந்தத் தலைமுறைச் சிப்பில் அனலாக் விஜிஏ வெளியீடே கிடையாது. உங்கள் கார்டில் விஜிஏ போர்ட் இருப்பது, 2010, 2011-ஆம் ஆண்டுகளின் ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அதன் சொந்த பயாஸைத் திருத்திப் புதிய பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்ற வலுவான சந்தேகத்தை எழுப்புகிறது. பெயர் பயாஸிலிருந்து படிக்கப்படுவதால் விண்டோஸ் அதை நம்பிவிடும். டிரைவர் சிப்பிடம் வேலை கேட்கும்போதுதான் குட்டு உடையும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிக் கார்டுகளை அடையாளம் காட்டுகிறது. உண்மையான 1050 டிஐயில் ஷேடர்களின் (சிப்பிலுள்ள சிறு கணக்கிடும் அலகுகள்) எண்ணிக்கை 768 என்று வர வேண்டும்.

ஜிபியு-இசட் கார்டு அசல்தான் என்று காட்டினால், பழைய டிரைவரை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிப் பாருங்கள். போலி என்று காட்டினால் அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பழைய பயாஸைத் தேடி ஏற்றினால் கார்டு உயிர்பெறலாம். ஆனால் கையில் இருக்கப்போவது பதினைந்து ஆண்டுப் பழமையான, அதிக மின்சாரம் குடிக்கும் சிப்தான். சிறிய பெட்டிக்குள் அதை வைப்பது நல்லதல்ல.

கேள்வி: சிறிய டெஸ்க்டாப்புக்கு எந்தக் கார்டு வாங்கலாம்?

பதில்: முதலில் கணினியின் கையேட்டைப் பாருங்கள். ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கலாம் என்பது பொது விதி. ஆனால் சில சிறிய அலுவலகக் கணினிகளின் கையேட்டில் 35 வாட் என்றே எல்லை குறித்திருப்பார்கள். அப்படியானால் 75 வாட் கேட்கும் 1050 டிஐயைத் தவிர்த்துவிடுங்கள். ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதா என்று கார்டு வரும் அட்டைப்பெட்டியின் மேல் படித்துப் பாருங்கள். 2018-இல் வந்த டிடிஆர்4 வகையில் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து ஏறத்தாழ 17 ஜிபியாகக் குறைந்துவிட்டது. ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கு 53 வாட் வேண்டும். அதிலும் சரி, ஜிடி 1030-இலும் சரி, வீடியோவைச் சுருக்கிப் பதியும் வன்பொருள் வசதி இல்லை. பயாஸ் அதை நிறுத்திவிடாமல் இருந்தால், அந்த வேலைக்கு உங்கள் ப்ராசஸரிலுள்ள இன்டெல் கிராஃபிக்ஸே உதவும். புகைப்பட வேலை மட்டுமே செய்பவர்கள் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ரேமை 16 ஜிபியாக உயர்த்தி ஒரு எஸ்எஸ்டியும் போட்டுப் பார்க்கலாம். பலருக்கு அதன் பிறகு கார்டே தேவைப்படுவதில்லை.