அம்மா சோம்பேறி ஆயிட்டாங்களா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயசு. கொஞ்ச நாளா முகம் உப்பின மாதிரி இருக்கு, குரல் கரகரன்னு ஆயிடுச்சு, எந்நேரமும் தூக்கம், சரியா பேசறதுமில்ல. வீட்ல சோம்பேறித்தனம்ங்கறாங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா?

பதில்: கட்டாயம் காட்டுங்கம்மா, பாவம் அவங்கள சோம்பேறின்னு யாரும் சொல்லாதீங்க. தைராய்டு கம்மியா சுரந்தா இப்படித்தான் ஆகும், புருவத்தோட வெளி ஓரத்துல முடி கொட்டியிருக்கா, ஃபேன் போட்டாலே குளிருதுன்னு போர்த்திக்கிறாங்களான்னு பாருங்க. டி.எஸ்.எச்.ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும், ரத்தசோகையிலயும் அசதி வரும்ங்கறதால ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாத்துடுங்க. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தா காலைல வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரை மணிநேரமாவது கழிச்சுதான் காபி, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. 6 - 8 வாரத்துல திரும்ப டெஸ்ட் பண்ணி டோஸ் சரிபார்ப்பாங்க, அதுக்குள்ள தெளிவாயிட்டாங்கன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.