கென்ட் ஓவியத்தின் செம்மறி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பேராலயத்தில் உள்ள பலிபீட ஓவியம் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்துவிட்டு இணையத்தில் தேடினேன். நடுவில் நிற்கும் ஆட்டின் பழைய படத்தையும், சீரமைத்தபின் எடுத்த படத்தையும் அருகருகே போட்டிருந்தார்கள். முன்பு சாதுவாக இருந்த ஆடு இப்போது மனிதனைப்போல முறைக்கிறது. இத்தனை பழைய ஓவியத்தை இப்படிக் கெடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கெடுக்கவில்லை. முறைப்பதாக நீங்கள் சொல்லும் முகம்தான் மூலத்தில் இருந்தது. சாதுவான ஆடு பின்னால் வந்தவர்களின் கைவேலை.

அண்ணன் ஹூபர்ட் தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி யான் வான் ஐக் 1432-ல் முடித்த ஓவியம் இது. பதினாறாம் நூற்றாண்டில் அதைச் செப்பனிட்டவர்கள், ஆட்டின் தலைமேலேயே வேறொரு தலையைத் தீட்டிவிட்டார்கள். 1950–51-ல் சுத்தம் செய்தபோது தலையைச் சுற்றியிருந்த பச்சைப் பூச்சு மட்டும் நீங்கி, அடியிலிருந்த பழைய காதுகள் வெளியே வந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஆடு நான்கு காதுகளோடு நின்றது. நீங்கள் பார்த்த பழைய படத்திலேயே உற்றுப் பாருங்கள், தெரியும்.

2012-ல் தொடங்கிய சீரமைப்பில், நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, அறுவைக்கத்தியால் அந்த மேல்பூச்சைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தார்கள். அவர்களின் பொறுமையை நான் வணங்குகிறேன்.

இனி அந்த முகத்துக்கு வருகிறேன். ஆட்டின் நெஞ்சிலிருந்து குருதி பொற்கிண்ணத்தில் பீய்ச்சி விழுகிறது. ஆனாலும் அது நான்கு காலில் நிமிர்ந்து நிற்கிறது. அது நிற்கும் பலிபீடத்தின் முன்விரிப்பில் ‘இதோ, உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறி’ என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. அது கிறிஸ்துவேதான். அதனால் இரு கண்களையும் முன்னோக்கி வைத்து, சிறிய இளஞ்சிவப்பு உதடுகளையும் கொடுத்திருக்கிறார்கள். தன்னைப் பலி கொடுப்பவன் பலியைக் காண வந்தவனை நேருக்கு நேர் பார்க்கிறான். பின்னால் தீட்டியவர்கள் கண்களைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, அந்தப் பார்வையையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு வந்த அந்தத் திடுக்கிடல் ஓவியர் வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஓவியத்துக்கு நேர்ந்த உண்மையான இழப்பு வேறு. பல மரப்பலகைகளில் தீட்டப்பட்ட ஓவியம் இது. அவற்றில் ‘நீதியுள்ள நடுவர்கள்’ என்ற பலகை 1934 ஏப்ரலில் பேராலயத்திலிருந்து திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இருப்பது நகல். நாஜிகள் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்தில் பதுக்கிய மற்ற பலகைகள்கூட 1945-ல் மீண்டு வந்துவிட்டன.