இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்சேன், அலும்னி இதழுக்கு செய்தி கேட்டு மெயில் வந்துட்டே இருக்கு. கூட படிச்சவங்க எல்லாம் பெரிய பெரிய இடத்துல இருக்காங்க, என்கிட்ட சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. அனுப்பணுமா?

அனுப்புங்க. இந்த கேள்விய படிச்சுட்டு கடைய எடுத்து வச்சப்புறம் உக்காந்து இத டைப் பண்றேன், ஏன்னா அந்த மெயில அனுப்பற ஆள்ல நானும் ஒருத்தன்.

நான் எங்க பேட்ச்சோட ரெப், அதாவது பிரதிநிதி. பதினோரு வருஷமா. 2001ல முடிச்ச பேட்ச், கொடைக்கானல் மலை. ஸ்கூல் பேரு வேணாம், மொத்தமே 46 பேரு, பேரு சொன்னா நான் கீழ சொல்லப்போற ஆளுங்க எல்லாரையும் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுடலாம். நான் தேனியில ஹார்ட்வேர் கடை வச்சிருக்கேன். பைப்பு, பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள். இதையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா "இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்சவனுக்கு என்ன கஷ்டம் தெரியும்"னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். எங்கப்பா கூடலூர் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்ப வித்துதான் ஃபீஸ் கட்டுனாரு. அவருக்கு ஆசை, பையன் இங்கிலீஷ்ல பேசணும்னு.

உங்க நிலைமை எனக்கு நல்லா புரியுது. மெயில்ல பழைய இதழோட லிங்க் இருந்திருக்கும், திறந்து பாத்திருப்பீங்க, ஒருத்தி ஜெனிவால, ஒருத்தன் சிங்கப்பூர்ல கம்பெனி வித்துட்டான், இன்னொருத்திக்கு இத்தாலில கல்யாணம், ஏரிக்கரை போட்டோ. உடனே மூடியிருப்பீங்க. நானும் பல வருஷம் அப்படித்தான் மூடினேன். அப்புறம் பழைய ரெப் (டெல்லியில இருக்கா) ரெட்டைக் குழந்தை பிறந்து முடியலன்னு என் தலைல கட்டிட்டா. நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு இன்னிக்கும் தெரியல.

ரெப் வேலைன்னா என்னன்னு சொல்றேன். வருஷத்துக்கு ரெண்டு இதழ். ஆறு வாரம் முன்னாடி அலும்னி ஆபீஸ்ல இருந்து டெட்லைன் வரும், நாங்க அவங்கவங்க பேட்ச்சுக்கு மெயில் போடுவோம், ஒரு ஆளுக்கு எண்பது வார்த்தை, ஒரு போட்டோ. 46 பேர்ல பதில் போடறது ஏழெட்டு பேரு, அதுவும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு பேரு. மத்தவங்க யாரும் வாழ்க்கைல ஒண்ணும் நடக்காதவங்க இல்ல, உங்கள மாதிரியே "என்னத்த அனுப்ப"ன்னு உக்காந்திருக்கறவங்க. அதனால இதழ படிச்சா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி தெரியும். அந்தப் பக்கத்துல இல்லாத முப்பத்தெட்டு பேர யாரும் எண்ணிப் பாக்கறதில்ல. நான் எண்ணிப் பாப்பேன், என்கிட்ட லிஸ்ட் இருக்கு.

இப்ப என் ரூம்மேட் கதை. அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், யாரும் சண்டைக்கு வராதீங்க.

ரெண்டு வருஷம் ஒரே ரூம், ஒரே பங்க் கட்டில், அவன் மேல நான் கீழ. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்காரங்க பையன், அந்தக் காலத்துல எங்க எல்லாருக்கும் டக் ஷாப்ல (ஸ்கூலுக்குள்ள இருக்கற தீனிக் கடை) காசு கொடுக்கறவன் அவன்தான். ஸ்கூல் முடிச்சப்புறம் தொடர்பே இல்ல. நான் ரெப் ஆன மூணாவது வருஷம் திடீர்னு அவன்கிட்ட இருந்து மெயில். நாலு வரி. "குடிய நிறுத்தி பதினாலு மாசம் ஆகுதுடா. அப்பா கம்பெனி போயிருச்சு. இப்ப ஒரு எம்ப்ராய்டரி யூனிட்ல சூப்பர்வைசரா இருக்கேன். எல்லாரையும் கேட்டேன்னு போடு."

நான் என்ன பண்ணேன் தெரியுமா. படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அப்புறம் அவன் நல்லதுக்குன்னு நினைச்சு, சத்தியமா அவன் நல்லதுக்குன்னுதான் நினைச்சு, "திருப்பூரில் ஆயத்த ஆடைத் துறையில் பணியாற்றுகிறார், நண்பர்களை நலம் விசாரிக்கிறார்"னு இங்கிலீஷ்ல அழகா ஒரு வரி எழுதி அனுப்பிட்டேன். அதே பேட்ச்ல ஒருத்தன் டாக்டர், ஒருத்தி வேர்ல்ட் பேங்க், நடுவுல குடி, கம்பெனி போச்சுன்னு வந்தா அவனுக்குத்தானே அசிங்கம்னு தோணுச்சு. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

இதழ் வந்து மூணு வாரம் கழிச்சு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணான். கத்தல. கத்தியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். "வேலைக்குப் போறது எல்லாரும் போறதுதானடா. நான் செஞ்ச ஒரே காரியம் அந்த பதினாலு மாசம். அத எடுத்துட்டு மிச்சத்த போட்டிருக்க"ன்னான். எனக்கு பேச்சே வரல. மன்னிச்சுக்கடான்னு சொன்னேன், சரிடான்னு வச்சுட்டான். அன்னிக்கு ராத்திரி தூங்கல, என் வீட்டம்மா என்னங்க என்னங்கன்னு கேட்டுட்டே இருந்தா.

அடுத்த இதழுக்கு அவன் சொன்னத அப்படியே போட்டேன், அதுக்குள்ள இருபது மாசம் ஆயிருந்துச்சு. அலும்னி ஆபீஸ்ல எடிட் பண்ற மேடம் ஒரு எழுத்து கை வைக்கல, அதுக்கு அவங்களுக்கு நான் எப்பவும் கடமைப்பட்டவன். அந்த ஒரு குறிப்புக்கு வந்த மாதிரி பதில் என் பதினோரு வருஷத்துல ரெண்டே தடவைதான் வந்திருக்கு. பூசான்ல இருந்து ஒரு கொரியாக்காரி, டாக்கால இருந்து பதினேழு வருஷமா ஒரு வரி எழுதாத ஒருத்தன், எங்களுக்கு முந்தின பேட்ச்ல ஒருத்தங்க தன் தம்பிக்காக அவன் நம்பர் வேணும்னு தனியா கேட்டாங்க. பூட்டான்காரன் ஒருத்தன் "நானும்தான், ஒம்பது மாசம்"னு ஒரு வரி போட்டான், அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதல. சிலர் "அலும்னி பக்கத்துல இதெல்லாம் எதுக்கு, ஸ்கூல் பேரு கெடாதா"ன்னும் கேட்டாங்க. அவங்க வருத்தம் அவங்களுக்கு. நான் அவங்ககிட்ட வாதம் பண்ணல, இங்கயும் பண்ணப்போறதில்ல.

ரெண்டாவது தடவை எங்க டோபி தாத்தா இறந்தப்போ. போர்டிங்ல படிச்சிருந்தீங்கன்னா தெரியும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு லாண்டரி நம்பர், சட்டை காலர்ல இருந்து சாக்ஸ் வரைக்கும் அந்த நம்பர் இருக்கும். எனக்கு 117. தாத்தாவுக்கு எங்க பேரு தெரியாது, நம்பர வச்சுத்தான் கூப்பிடுவாரு, "நூத்திப்பதினேழு, பட்டன் தைச்சு வச்சிருக்கேன் பாரு கண்ணு"ன்னு. மழைக்காலத்துல கொடைக்கானல்ல துணி காயறதாவது, நாலு நாள் ஆனாலும் ஈரம் போகாது, கரி இஸ்திரிப் பெட்டிய வச்சே காய வைப்பாரு. ஊர்ல இருந்து ஒருத்தர் தகவல் சொன்னாங்க, நான் வழக்கம் போல எல்லாருக்கும் மெயில் போட்டேன், இந்த மாதிரி தாத்தா போயிட்டாரு, 82 வயசுன்னு. முதல் பதில் போட்டவ கீழ பேருக்கு பதிலா 64னு போட்டிருந்தா. அதுக்கடுத்தவன் 203. அப்புறம் வரிசையா நம்பர் நம்பரா வந்துச்சு. 46 பேர்ல 31 பேரு. வேலை மாறினா, அவார்டு வாங்கினா ஏழு பேரு பேசற கூட்டம் அது. அந்த இதழ்ல நினைவஞ்சலி பக்கத்துல நாங்க எல்லாரும் சேந்து எழுதினத போட்டாங்க, கீழ கையெழுத்தா 31 நம்பரு.

இந்த மலை ஸ்கூல்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. மதுரையில காய்ச்சல்லயும் காலராவுலயும் அமெரிக்க மிஷனரி குடும்பங்கள்ல அடுத்தடுத்து சாவு விழுந்ததாலதான் 1845ல கொடைக்கானல்ல முதல் ரெண்டு வீடு கட்டினாங்க. அப்புறம் அவங்க புள்ளைங்களுக்காக 1901ல அங்க ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். மசூரில உட்ஸ்டாக் இன்னும் பழசு, 1854. கார் ரோடு வராத காலத்துல அந்தக் குழந்தைங்கள நாற்காலில தூக்கிட்டு மலை ஏறியிருக்காங்க. அப்பா அம்மா கீழ ஊர்ல, சொந்த நாடுன்னு சொல்றது கப்பல்ல போற தூரத்துல. பெரியவங்க ஆனப்புறம் அவங்களுக்கு இதான் என் ஊருன்னு காட்ட ஒரு தெரு கிடையாது, கூடப் படிச்சவன்தான் ஊர்க்காரன். அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் விசாரிக்கற கடுதாசிதான் சொந்தபந்தம். இப்ப வர்ற பளபளா பேப்பர் இதழுக்கெல்லாம் அடி அதுதான்னு நான் நம்பறேன். அதுல பதவி உயர்வு போடறது தப்புன்னு சொல்லல. போடட்டும், சந்தோஷம்தான், எங்க வேர்ல்ட் பேங்க் பொண்ணு சேதி வந்தப்போ கடையில எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவன் நான்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா இத எங்கயாவது கொட்டணும். நாங்க எழுதினது ஏ லெவல், பிரிட்டிஷ் முறைல நம்ம ப்ளஸ் டூ மாதிரி. மே ஜூன்ல பரீட்சை, ரிசல்ட் ஆகஸ்ட்ல. இங்க காலேஜ் எல்லாம் அதுக்குள்ள வகுப்பே ஆரம்பிச்சுடும். 2001 ஆகஸ்ட்ல நானும் அப்பாவும் ஒரு காலேஜுக்கு பி.காம் கேட்டுப் போனோம், பேரு வேணாம். கவுண்டர்ல இருந்தவரு சர்டிபிகேட்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "1200க்கு எவ்வளவு?"ன்னாரு. இதுல அப்படி மார்க் இல்லைங்க, கிரேடுங்கன்னேன். "மூணு சப்ஜெக்ட்தான் இருக்கு, மிச்சம் மூணும் அரியரா?" பின்னாடி வரிசைல நின்னவங்க சிரிச்சாங்க. எங்கப்பா தோப்ப வித்து படிக்க வச்சவரு, வேட்டிய கட்டிட்டு அந்தக் கவுண்டர் முன்னாடி நின்னாரு. டெல்லில இருக்கற பல்கலைக்கழகங்களோட கூட்டமைப்புல இருந்து இது ப்ளஸ் டூவுக்கு சமம்னு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்படி ஒண்ணு வேணும்னே அப்பத்தான் எங்களுக்குத் தெரியும். எழுதிப்போட்டு அது வர்றதுக்குள்ள அட்மிஷன் முடிஞ்சுருச்சு. ஒரு வருஷம் போச்சு. அந்த வருஷம்தான் கடைல உக்காந்தேன், இன்னும் உக்காந்திருக்கேன். இப்ப புள்ளைங்கள இன்டர்நேஷனல்னு போர்டு போட்ட ஸ்கூல்ல சேக்கறவங்க தயவுசெஞ்சு என்ன போர்டு, என்ன சர்டிபிகேட், ரிசல்ட் எப்ப வரும்னு முதல்லயே கேட்டுக்கங்க. பாதி ஸ்கூல்ல பேருல மட்டும்தான் இன்டர்நேஷனல் இருக்கு, அது வேற விஷயம்.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். 2018ல குறிஞ்சி பூத்தப்போ எங்க பேட்ச் கூடினோம். பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதால 2006லயும் கூடறதா பேசினோம், அப்ப அஞ்சு பேருதான் வந்தோம், எல்லாருக்கும் வேலை தேடற வயசு. 2018ல இருபத்திரெண்டு பேரு. குறிஞ்சியாண்டவர் கோயில் பக்கம் நின்னு கீழ பாத்துட்டிருக்கோம், ஜெனிவால இருந்து வந்தவ என்கிட்ட வந்து, உன் கடை சேதி எப்பவாவது வருமான்னு ஒவ்வொரு இதழும் தேடுவேன், நீ எல்லாரோடதையும் போடற உன்னோடத போடறதில்லன்னா. நிஜம்தான். அதுவரைக்கும் ரெப்பா இருந்தும் நான் என்னைப் பத்தி ஒரு வரி போட்டதில்ல. அதுக்கப்புறம்தான் போட்டேன். கடைக்கு மேல ஒரு மாடி கட்டினோம், அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகி இப்ப பேப்பர் படிக்கறாங்க, அவ்வளவுதான் செய்தி. என் ரூம்மேட் திருப்பூர்ல இருந்து கிளம்பி வந்து மாடிய பாத்துட்டு சாப்பிட்டுட்டுப் போனான்.

2030ல மறுபடி பூக்கும், அப்ப நாப்பது பேராவது வரணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

அதனால நீங்க என்ன பண்றீங்களோ அத எழுதுங்க. வீட்ல இருக்கேன்னா வீட்ல இருக்கேன்னு எழுதுங்க, மாமியார பாத்துக்கறேன்னா அத எழுதுங்க, தோட்டத்துல என்ன காய்ச்சிருக்குன்னு எழுதினாலும் படிக்க ஆள் இருக்கு. உங்க ரெப் எதையாவது வெட்டிடுவாங்கன்னு பயமா இருந்தா, "கேக்காம மாத்தாதீங்க"ன்னு மேலயே ஒரு வரி போட்டுருங்க, நான் அத யார் போட்டாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன். அப்புறம் போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அது சைஸ குறைச்சுடும், ப்ரிண்ட்ல முகமே தெரியாது. மெயில்ல ஒரிஜினல அட்டாச் பண்ணுங்க.